கதவிடுக்கில் போன சம்பந்தம்

ஒரு வீட்டுக்குப் போனால் சாதாரண மனிதர்கள் முதலில் ஆட்களைப் பார்ப்பார்கள். நான் வாசலில் நிற்கும் காரின் கதவைப் பார்ப்பேன். கதவைக்கூட அல்ல; கதவுக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் நடுவே ஓடுகிற அந்தக் கோட்டை. இது ஒரு குணக்கேடு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இருபத்தெட்டு வயதில் இதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

விஷயம் சின்னது. கார் செய்யப்பட்டு வரும்போது அந்த இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கும். பிறகு அது எங்காவது மோதி, தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து வந்தால் கண்ணாடி போல மினுங்கும். ஆனால் அந்தக் கோடு மட்டும் மேலே நூல் போல ஒடுங்கி, கீழே விரல் போகிற அளவுக்கு அகன்று நிற்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் நான்.

எங்கே படித்தேன் என்று கேட்கலாம். துறைமுகத்தடியில் ஒரு கொம்பனியில் வந்திறங்கும் சாமான்களின் பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். குரு ஒரு வெள்ளைக்காரர். அவர் பேசிய பாஷை எனக்கு விளங்கவில்லை. விரலால் காட்டியது விளங்கியது. என்னிடம் அப்போது ஒரு சைக்கிள் இருந்தது. அதில் கதவு இல்லை. ஆகவே மற்றவர்களின் கார்களில்தான் பழக வேண்டியிருந்தது.

ஒருநாள் எங்கள் மனேஜர் வாங்கிவந்த காரைப் பார்த்து, "சேர், டிக்கி மூடி ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. பின்னால ஆரோ குத்தியிருக்கினம்," என்றேன். சரியாகத்தான் சொன்னேன். அடுத்த கிழமை என் மேசையைக் கழிவறைப் பக்கம் மாற்றினார்கள். (காற்றோட்டம் காணாதாம். யாருக்குக் காணாது என்று சொல்லவில்லை.)

இந்த நிலையில்தான் எனக்குப் பொம்பிளை பார்த்தார்கள்.

பெண்ணின் பெயர் தர்சினி. குச்சவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர். தகப்பன் ஓய்வுபெற்ற நில அளவையாளர். சர்வேயர் ஐயா என்றால் அவர்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சாதகம் பொருந்திவிட்டது. படம் பார்த்து எனக்கும் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், நன்றாகவே பிடித்துவிட்டது. அந்தப் படத்தை ஒரு கிழமையாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வேலைக்குப் போகும்போதும்.

உப்புவெளியில் இருந்து டவுனில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஓட்டோவில் போனோம். அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். வழி நெடுக அம்மா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு, சுதன். நல்ல இடம். குழப்பிப் போடாதை."

"நான் ஏன் குழப்பப் போறன்?" என்றேன்.

வீடு உட்துறைமுகத்தைப் பார்த்தபடி ஏற்றத்தில் இருந்தது. போர்ட்டிக்கோவில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. சர்வேயர் ஐயா அதன் பக்கத்திலேயே நின்று எங்களை வரவேற்றார். கையில் ஒரு துண்டுத் துணி. நாங்கள் வருகிற நேரம்வரை துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாங்கோ, வாங்கோ. பன்னிரண்டு வருசமா என்ர கையில இருக்கு," என்றார் அவர், மாமா காரைப் பார்ப்பதைக் கண்டு. "ஒரு கீறல் இல்லை. மகளுக்கு லைசென்ஸ் இருக்கு, ஆனா ஓட விடுறேல்ல. தினமும் காலமை என்ர கையால துடைக்கிறனான்."

மாமா தலையாட்டினார். நான் தலையாட்டவில்லை. அந்தக் காரின் முன்கதவு என் கண்ணில் பட்டுவிட்டது.

உள்ளே கொண்டுபோய் என்னை உட்கார வைத்த கதிரைதான் எனக்கு வந்த வினை. அது யன்னலுக்கு நேரே இருந்தது. யன்னலுக்கு வெளியே காரின் இடது பக்கம். மாலை வெயில் சரிந்து விழ, கதவின் கோடு கறுப்பு மையால் கீறியது போலத் தெரிந்தது. மேலே ஒடுக்கம். கீழே அகலம். மனதுக்குள் அளந்தேன். பிழையாக இருக்கலாம் என்று மறுபடி அளந்தேன்.

சர்வேயர் ஐயா என் வேலையைப் பற்றிக் கேட்டார். "ஓம்" என்றேன். சம்பளத்துக்கும் "ஓம்" என்றேன். அம்மா என் காலை மிதித்தார்.

அப்போது தர்சினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். வந்து எனக்கும் யன்னலுக்கும் நடுவே நின்றாள். நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து அவளின் தோளுக்கு மேலால் பார்த்தேன். அவள் ஒரு கணம் நின்றாள். நான் பார்த்த திசையில் தானும் திரும்பிப் பார்த்தாள். பிறகு தட்டோடு விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள். (வெட்கம் என்று நினைத்தேன். அது பயம் என்று பிறகுதான் தெரிந்தது.)

கொஞ்ச நேரத்தில் மாமாவுக்கு ஒரு கோல் வந்தது. அவர் எழுந்து பக்கத்து விறாந்தைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஒருவருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

"மாமா," என்றேன் தாழ்ந்த குரலில், "இது முந்தி ஒருக்கா அடிபட்டது."

மாமா போனைக் காதிலிருந்து எடுத்தார். "என்னடா சொல்லுறாய்?"

"நேர பாத்தா விளங்காது. பக்கவாட்டில பாருங்கோ, இடப்பக்கம் ஒழுங்கில்லை. மேல பூசி மெழுகி நிப்பாட்டி வைச்சிருக்கினம்."

"தரகர் ஒண்டும் சொல்லேல்லையே."

"அவருக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரர் மறைச்சுப் போட்டினம்."

மாமாவின் முகம் கறுத்தது. "எப்ப நடந்தது?"

"ஒரு வருசத்துக்குள்ளதான். எனக்குச் சும்மா தந்தாலும் வேண்டாம்."

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு தட்டு நிலத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பயற்றம்பணியாரத் தட்டு மட்டும் அங்கே இருந்தது. அதைக் கொண்டுவந்த தர்சினியின் பெரியம்மாவின் முதுகு குசினிக்குள் மறைந்துகொண்டிருந்தது.

நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது குசினியில் யாரோ விம்முவது கேட்டது. சர்வேயர் ஐயாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் போய்வந்து என் முன்னால் நின்றார். கதிரையில் உட்காரவில்லை.

"தம்பி," என்றார் மெதுவாக, "நாங்கள் மானமா வாழுற ஆக்கள். என்ர பிள்ளையைப் பற்றி என்ன கேள்விப்பட்டனீங்கள்? என்ர முகத்துக்கு நேர சொல்லுங்கோ."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். விறாந்தையில் நான் சொன்ன வசனங்களை வரிசையாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வசனத்தில்கூட "கார்" என்ற சொல் இல்லை.

"ஐயோ, இல்லை ஐயா," என்றேன். "பிள்ளையைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்ல. உங்கட காரைத்தான் சொன்னனான்."

"காரையா?"

"ஓம் ஐயா. கார்தான்."

அந்த வீடு முழுக்க மூச்சு விட்டது. குசினியில் விம்மல் நின்றது. மாமா சிரித்தேவிட்டார். சர்வேயர் ஐயாவும் சிரித்தபடி கதிரையில் சாய்ந்தார். பெரியம்மா பணியாரத் தட்டை எடுத்துவந்து முதல் பணியாரத்தை எனக்கு நீட்டினார். அந்த இடத்தில் நான் பணியாரத்தை வாயில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

"அப்ப கார் அடிபட்டது எண்டு சொன்னனீங்களாக்கும்," என்றார் சர்வேயர் ஐயா. "பிழை, தம்பி. அது எங்கயும் முட்டேல்ல."

"முட்டியிருக்கு, ஐயா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் முப்பது வருசம் காணி அளந்தனான். என்ர காரை எனக்குத் தெரியாதோ?"

"வாங்கோ, காட்டுறன்," என்று நான் எழுந்தேன்.

எல்லோரும் போர்ட்டிக்கோவுக்கு வந்தார்கள். குசினியில் இருந்தவர்களும் வந்தார்கள். நான் சட்டைப் பையில் இருந்து ஒரு இரண்டு ரூபாய் நாணயக் குற்றியை எடுத்தேன். கதவின் மேல்பக்கத்து இடுக்கில் வைத்தேன், போகவில்லை. கீழே வைத்தேன், தடையில்லாமல் போய், உள்ளே விழுந்து, எங்கோ உருண்டது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்பது போல நிமிர்ந்து பார்த்தேன்.

சர்வேயர் ஐயாவுக்குக் குற்றியில் நம்பிக்கை இல்லை. உள்ளே போய் அலுமாரியில் இருந்து இரும்பு அடிமட்டத்தைக் கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். குனிந்து மேலே அளந்தார். "ஒரு மில்லிமீற்றர்." கீழே அளந்தார். "ஆறு." மறுபக்கம் சுற்றிப் போய் வலது கதவை அளந்தார். "நாலு. நாலு." திரும்பி வந்து இடது பக்கத்தை மறுபடி அளந்தார். அளவு மாறவில்லை.

நான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். யாராவது "கெட்டிக்காரன்" என்று சொல்லக்கூடும் என்று காத்திருந்தேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. ஆனால் காத்திருந்தேன்.

"ஆர்?" என்றார் சர்வேயர் ஐயா. அடிமட்டத்தைப் பார்த்தபடிதான் கேட்டார்.

எனக்குப் பின்னால் இருந்து தர்சினியின் குரல் வந்தது.

"நான்தான் அப்பா. எட்டு மாதத்துக்கு முந்தி, நீங்கள் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போன நேரம். குச்சவெளி பஸ்ஸை விட்டிட்டன். பிள்ளைகளுக்குச் சோதனை. அதுதான் காரை எடுத்தனான். வளைவில மான் ஒண்டு குறுக்க வந்திட்டுது. அதுக்கு விலத்தப் போய் கரன்ட் போஸ்ட்டில முட்டிப்போட்டன்."

"மானுக்கு?"

"ஒண்டும் இல்லை. நிண்டு பாத்திட்டுப் போனது."

"ஆர் செய்தது வேலை?"

இதற்குத் தர்சினியின் தாய்தான் மறுமொழி சொன்னார். "கிண்ணியாவில கராஜ் வைச்சிருக்கிற ஒரு முஸ்லிம் காக்கா. நாலு நாளில செய்து தந்தவர். நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டனான். கண்ணில அழுத்தம் வரக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவரெல்லே."

சர்வேயர் ஐயா காரின் மேல் கிடந்த துண்டுத் துணியை எடுத்தார்.

"கட்டு அவிட்டு வீட்டுக்கு வந்த அண்டைக்கு, கார் புதுசு மாதிரித் தெரியுது, கண் நல்லா வந்திட்டுது எண்டு சொன்னனான்," என்றார்.

"ஓம் அப்பா."

"நீங்கள் ரெண்டு பேரும் ஓம் எண்டனீங்கள்."

"ஓம் அப்பா."

"டொக்டருக்கும் கோல் எடுத்துச் சொன்னனான்."

அவர் கையில் இருந்த துணியைப் பார்த்தார். எட்டு மாதம், தினமும் காலையில், அந்தக் கதவை அந்தத் துணியால்தான் துடைத்திருக்கிறார். ஒரு மனிதனின் முகத்தில் இருந்து பெருமை இறங்குவதை அவ்வளவு கிட்ட நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. "இது சின்ன விஷயம் ஐயா, கதவுப் பிணைச்சலை ஒருக்கா இளக்கிச் சரிபண்ணலாம்," என்றேன். அவர் "உங்களுக்கு நன்றி, தம்பி," என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்டு கேக்கலாமா?" என்றாள் தர்சினி, இன்னும் எனக்குப் பின்னாலேயே நின்றபடி. "திரும்பாமல் சொல்லுங்கோ. நான் என்ன நிறச் சாறி உடுத்திருக்கிறன்?"

நான் யோசித்தேன். தேத்தண்ணித் தட்டு ஞாபகம் வந்தது. தோள் ஞாபகம் வந்தது. தோளுக்கு அப்பால் இருந்தது மிக நன்றாக ஞாபகம் வந்தது.

"வெள்ளை," என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறம். அழகான சாறி. அவளும் படத்தில் இருந்ததைவிட அழகாகத்தான் இருந்தாள். அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அம்மா வாயைத் திறக்கவில்லை. உப்புவெளிச் சந்தி தாண்டிய பிறகு, "ஒரு பணியாரம் தின்ன உனக்கு ஏலாமல் போச்சு," என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தரகர் மறுமொழியோடு வந்தார். பெண்ணிடம் கேட்டார்களாம். "அவர் பாக்க வந்தது காரை. காருக்குச் சம்மதமோ எண்டு அப்பாவைக் கேளுங்கோ," என்றாளாம். சட்டைப் பையில் இருந்த படத்தை அம்மாவே எடுத்துத் தரகரிடம் கொடுத்தார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கிளிவெட்டியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வயல்காரக் குடும்பம். அம்மா இந்த முறை சாதகம் கேட்கும் முன்பே அந்த வீட்டில் என்னென்ன வாகனம் நிற்கிறது என்று விசாரித்தார். ஒரு உழவு இயந்திரம், மூத்த மகனின் வான் என்று தெரிந்ததும் எனக்குக் கட்டளை பிறந்தது. வாசல் படலையில் இருந்து கதிரைவரை நிலத்தை மட்டும் பார்த்து நடக்க வேண்டும். நடந்தேன். கதிரையிலும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொன்னேன். வெளியே வரும்போதும் குனிந்த தலை நிமிரவில்லை.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமான பெடியனா என்று அந்த வீட்டில் எல்லோரும் அதிசயப்பட்டார்களாம். அடுத்த நாளே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்.

தாங்கள் ஏமாற்றப்பட்டதாக என் மனைவி இன்றும் சொல்கிறாள். விருந்தாளிகள் யார் வந்தாலும், சோறு போட முன்பே இந்தக் கதையைப் போட்டுவிடுவாள். "வாயில்லாப் பூச்சி எண்டுதான் அப்பா தந்தவர். கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் காலமை எழும்பிப் பாத்தா, இவர் அண்ணாவின்ர வானைச் சுத்திச் சுத்தி வாறார். கையில ரெண்டு ரூபாய்க் குத்தி."

அந்த வான் இரண்டு தடவை அடிபட்டது. மச்சான் அதைப் பழுதில்லாத வான் என்று நம்பி வாங்கியிருந்தார். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், நல்ல மனிதர். நாங்கள் கிளிவெட்டிக்குப் போகிற நாட்களில் மட்டும் வான் அடுத்த வீட்டு வளவில் நிற்கும், தார்ப்பாய்ப் படங்கால் மூடியபடி.