இடது காது தேய்ந்த துப்பாக்கி

இந்தக் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் பாபநாசம் அண்ணாச்சி சொல்லக் கேட்டதுதான். அவர் பாதியைப் பார்த்தவர். மீதியைத் துப்பாக்கி சுடுகிற சங்கிலிபூதத்தானிடம் கேட்டவர். எது பார்த்த பாதி, எது கேட்ட பாதி என்று விசாரித்தேன். "ரெண்டையும் சேத்தே எழுதும் வே, பிரிச்சா கதை நிக்காது" என்றார். ஊர்ப் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரையில் ஒரு சிவன் கோயில். அங்கே வைகாசித் தேருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் பேர் வடம் பிடித்து நின்றாலும், துப்பாக்கி முழங்காமல் தேர் நகராது. ஆற்று வெள்ளத்தில் குதிரையோடு போன வெள்ளைக்காரத் துரை ஒருவர், பிழைத்துக் கரையேறியதும் சுவாமிக்குக் காணிக்கையாக அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார் என்று சொல்வார்கள். தலபுராணத்தில் இது இல்லை. ஆனால் துப்பாக்கி இருக்கிறது.

கோயில் காவலாளி சங்கிலிபூதத்தான்தான் சுடுகிறவர். அவருடைய அப்பாவும் சுட்டவர். குண்டு கிடையாது, மருந்து மட்டும் அடைத்த சத்தத் தோட்டா. சுட்டதும் தலையில் பரிவட்டம் கட்டி, சுவாமி மாலையில் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் "ஏலே சங்கிலி" என்று கூப்பிடுகிற ஊர், அந்த ஒரு நாள் மட்டும் "சங்கிலி அண்ணாச்சி" என்று கூப்பிடும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத் தேருக்குச் சுட்டபோது அவர் கன்னத்தில் சூடாக ஏதோ அடித்தது. தோட்டாவை வெளியே எடுக்கவே கஷ்டப்பட்டார். எடுத்துப் பார்த்தால், வயிறு புடைத்து ஓரத்தில் கிழிந்திருந்தது.

மறுநாள் துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டு பாபநாசத்திடம் போனார். போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு இரும்பு. தோட்டாவைப் போட்டு, அதை முன்னால் தள்ளி மடக்கினால் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்ள முனையில் இரண்டு காது உண்டு. வெடிக்கிற வேகம் பின்பக்கமாக வராமல் தாங்குவது அந்த இரண்டு காதுதான்.

பாபநாசம் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். துடைத்தார். சாக்பீஸைத் தூளாக்கிக் காதுகளின் மேல் தடவிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது, இடது காதின் அடியில் வெள்ளைப் பொடியின் மேல் மயிரிழை மாதிரி ஒரு ஈரக்கோடு கசிந்திருந்தது. கீறலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் அது. காதும் ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது.

"அண்ணாச்சி, தாங்குமா?"

"தாங்கினாலும் தாங்கும். தாங்கலைன்னா இந்த இரும்பு பின்னால வரும். பின்னால என்னவே இருக்கு?"

"என் மூஞ்சிதான் இருக்கு."

"அப்ப சுடாதீரும்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாபநாசம் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எட்டாம் வகுப்பு படித்தவர் சொல்வதை இரும்பு கேட்கும், அலுவலகம் கேட்காது. ஆகவே சங்கிலிபூதத்தான், "மேற்படி போல்ட்டைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்லும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று மனு எழுதி, போல்ட்டையும் சேர்த்துக் கோயில் நிர்வாக அதிகாரி குமரகுருபரனிடம் கொடுத்தார்.

குமரகுருபரன் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் திருநெல்வேலி முழுக்க லேமினேஷன் பண்ணுகிற மோகம். அவருக்கு அது கொஞ்சம் கூடுதல். நடை திறக்கும் நேரம், பிரசாதப் பட்டியல் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டன. யானையே இல்லாத அந்தக் கோயிலில் "யானைக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்" என்ற லேமினேஷனும் தொங்கியது.

மனுவை அவர் இரண்டு முறை படித்தார்.

"துப்பாக்கி லைசென்ஸ் எதுவரைக்கும் இருக்கு?"

"தொண்ணூத்தஞ்சு வரைக்கும் இருக்குய்யா."

"அப்ப தொண்ணூத்தஞ்சு வரைக்கும் ஒண்ணும் ஆகாதே?"

"ஐயா, லைசென்ஸ் நல்லாத்தான் இருக்கு. இரும்புதான் கீறியிருக்கு."

இரும்பு தன் அதிகார வரம்பில் வராது என்று மனுவைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே துணை தாசில்தார் நாறும்பூநாதன் போல்ட்டைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, காற்றில் பறந்துகொண்டிருந்த காகிதக் கட்டின் மேல் வைத்தார். அது அங்கேயே நாலு மாதம் இருந்தது. அந்த நாலு மாதமும் ஒரு காகிதம்கூடப் பறக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். பிறகு "தொழில்நுட்பக் கருத்துக்காக" என்று எழுதி உதவிப் பொறியாளர் காசிலிங்கத்துக்கு அனுப்பினார்.

காசிலிங்கம் கட்டடப் பொறியாளர். அவர் டேப்பை வைத்து போல்ட்டை அளந்தார்.

"தேய்ஞ்சு போச்சுங்கீரே, முன்னால எவ்வளவு இருந்தது?"

"தெரியலய்யா. எங்க அப்பா காலத்துலயே இப்படித்தான்."

"முன்னால இருந்த அளவு தெரியாம, குறைஞ்சிருக்குன்னு நான் எப்படி எழுத?"

"வலது காதைப் பாத்தாலே தெரியுமேய்யா, இடது காது சின்னதா இருக்கு."

காசிலிங்கம் இரண்டு காதையும் பார்த்தார். நெடுநேரம் யோசித்தார். "வலது காது வளர்ந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை" என்று குறிப்பு எழுதினார்.

இதற்குள் அடுத்த வைகாசி வந்துவிட்டது. தேருக்கு ஒரு வாரம் இருக்கையில் மூன்று அதிகாரிகளும் கமிட்டி ஆனார்கள். கோயில் நந்தவனத்தில் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து முடிவு செய்வதென்று தீர்மானம் ஆயிற்று.

அன்று காலையில் சங்கிலிபூதத்தான், போல்ட்டைத் திரும்ப வாங்கி மாட்டிய துப்பாக்கியோடு வந்தபோது குமரகுருபரன் அவர் கையில் ஒரு லேமினேஷன் அட்டையைக் கொடுத்தார். "மேற்படி துப்பாக்கியைக் கமிட்டி நேரில் நின்று பரிசோதித்ததில், விபத்து எதுவும் நிகழவில்லை. எனவே பயன்படுத்தத் தகுந்தது." கீழே மூன்று கையெழுத்து, மூன்று முத்திரை.

"ஐயா, இன்னும் சுடவே இல்லையே?"

"சாயங்காலம் லேமினேஷன் கடையில கரண்டு இருக்காது வே. அதான் முன்னாலயே பண்ணியாச்சு."

காசிலிங்கம் டேப்பை விரித்தார். சங்கிலிபூதத்தான் நின்ற இடத்திலிருந்து அளந்துகொண்டே போனார்; மற்ற இருவரும் அவர் பின்னால் போனார்கள். வாய்க்காலைத் தாண்டி, மதகுச் சுவரின் அந்தப் பக்கம் போய்த்தான் நின்றார்கள்.

"நூத்தி இருபது அடி! பாதுகாப்புத் தூரம்!" என்று காசிலிங்கம் அங்கிருந்து கத்தினார்.

"ஐயா, எனக்கு எத்தனை அடி?" என்று இவர் இங்கிருந்து கத்தினார்.

"நீர் சுடுகிறவரு வே! உமக்குத் தூரம் கிடையாது!"

"துப்பாக்கி நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கீகளே, பக்கத்துல வந்து நிக்கலாம்லா?"

"நல்லா இருக்கான்னு தெரிஞ்ச பொறவு வருவோம்!"

"அது எப்பத் தெரியும்?"

"வெடிச்ச உடனே உமக்குத்தான் முதல்ல தெரியும்!" என்றார் நாறும்பூநாதன். அதில் ஒரு மரியாதை இருந்ததாகவே சங்கிலிபூதத்தானுக்குப் பட்டது.

அட்டையை மறுபடி பார்த்தார். "'நேரில்'னு போட்டிருக்கு. நேர்னா எத்தனை அடின்னு அதுலயே எழுதிருங்களேன்!"

"லேமினேஷன் பண்ணியாச்சு! இனி எழுத முடியாது!"

சங்கிலிபூதத்தான் மனம் தளரவில்லை. கொண்டுவந்த கயிற்றால் துப்பாக்கியை மாமரத்தோடு இறுக்கிக் கட்டினார். விசையில் நீளமாக ஒரு சரடைக் கட்டி, சரடின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கிணற்றுச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து இழுத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாபநாசம் சொல்லிக் கொடுத்த யோசனை அது.

மதகுச் சுவருக்கு மேல் மூன்று தலைகள் எழும்பின.

"என்னவே அது? தேரன்னைக்கு மாமரமா சுடப் போவுது?" என்றார் குமரகுருபரன். "சுடுகிறவர் கையில் இருந்தால்தான் பரிசோதனை. மரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க விதியில்லை."

இந்த வாதத்தில் ராகுகாலம் வந்துவிட்டது. ராகுகாலத்தில் பரிசோதனை நடத்துவது முறையல்ல என்று கமிட்டி கலைந்தது. துப்பாக்கி சுடப்படவில்லை. ஆனால் அட்டையில் எழுதியிருந்தது ஒரு எழுத்து மாறாமல் உண்மையாகிவிட்டது: விபத்து எதுவும் நிகழவில்லை.

போகும்போது குமரகுருபரன் அவரைத் தனியாக அழைத்தார்.

"பயமா இருந்தா சொல்லும். உம்ம சித்தப்பா மகன் இசக்கிமுருகன் சுடுதேன்னு சொல்லியிருக்கான். காவல் வேலையையும் அவனுக்கே எழுதிக் கொடுத்துருதேன்."

இசக்கிமுருகனுக்கு இருபத்து மூன்று வயது. துப்பாக்கியைத் தொட்டதில்லை. பரிவட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறான். தான் மறுத்தால் வேலை போகும், மாலை போகும். அதோடு அந்தப் பயலின் முகமும் போகும்.

"நானே சுடுதேன்யா" என்றார்.

வீட்டில் அவர் மனைவி இசக்கித்தாய் அந்த அட்டையை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மூணு பேரும் எங்கன நின்னாக?"

"மதகுக்கு அங்கிட்டு."

அவள் துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றினாள். அடுக்களைக்குள் போய்ப் புளிப்பானைக்குள் போட்டு மூடினாள். "இனி எடுத்தா ரசத்துலதான் எடுக்கணும். துப்பாக்கியத் தூக்கிப் புடிச்சு விசைய இழுங்க. சத்தத்தை நான் பாத்துக்கிடுதேன்."

தேரன்று வடம் பிடித்தாயிற்று. கமிட்டி, சிறப்பு விருந்தினர்களுக்கான பந்தலில் இருந்தது. அந்தப் பந்தலை இந்த வருடம் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார்கள். எவ்வளவு தள்ளி என்று யாரும் கேட்கவில்லை. சங்கிலிபூதத்தான் சட்டையில் சான்றிதழைக் குத்திக்கொண்டு, போல்ட் இல்லாத துப்பாக்கியை வானத்தைப் பார்த்துப் பிடித்தார். மதிலுக்குப் பின்னால் இசக்கித்தாய் ஒரு சிவகாசி அணுகுண்டின் திரியைப் பற்றவைத்தாள்.

திரி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. வெடி முழங்கிய பிறகுதான் சங்கிலிபூதத்தான் விசையை இழுத்தார். தோள் அதற்கும் பிறகு குலுங்கியது. "நமச்சிவாய!" என்று ஊர் கத்த, தேர் நகர்ந்தது. கூட்டத்தில் நின்ற பாபநாசம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"முப்பது வருசத்துல இப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல. பழைய இரும்பு பழைய இரும்புதான்!" என்றார் காசிலிங்கம். பரிவட்டம் கட்டினார்கள். மாலை போட்டார்கள். சங்கிலி அண்ணாச்சி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு ஒரு சேதி வந்தது. அதே மாதிரித் துப்பாக்கி வைத்திருக்கும் வேறு மூன்று கோயில்கள், "ஒரே ரகம்" என்ற அடிப்படையில் அந்தச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து, தங்கள் துப்பாக்கிகளுக்கும் அதையே வைத்துக்கொள்ள உத்தரவு வாங்கிவிட்டன. அவர்களிடம் புளிப்பானை யோசனை இல்லை. அவர்கள் நிஜமாகவே சுடுவார்கள்.

சங்கிலிபூதத்தான் ஓடினார். "ஐயா, நான் சுடவே இல்லய்யா. போல்ட்டு எங்க வீட்டுப் புளியில கெடக்கு. வெடிச்சது பட்டாசு."

குமரகுருபரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீர் சுடலைன்னா, சுவாமி மாலையை எதுக்குவே வாங்குனீர்?"

சங்கிலிபூதத்தான் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீர் சுட்டீர். நாங்க மூணு பேரும் நேர்ல பாத்தோம். உம்ம வார்த்தை ஒண்ணு, எங்க கையெழுத்து மூணு. பைய வீட்டுக்குப் போம்."

அவர் பைய வீட்டுக்குப் போனார். இப்போதும் அவர்தான் சுடுகிறார். ஒவ்வொரு வருடமும், "சென்ற ஆண்டு பழுதின்றிச் சுட்டதால் இந்த ஆண்டும் தகுந்தது" என்று புது அட்டை வருகிறது. பாபநாசம் அண்ணாச்சி கதையை இந்த இடத்தில் முடித்துவிட்டார்.

எனக்குத்தான் சந்தேகம். தொண்ணூற்று ஆறில், அந்த மூன்றில் ஒன்று ராதாபுரம் பக்கம் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, திருவிழாவன்று போனேன். துப்பாக்கி இருந்தது. சுடுகிற பெரியவர் ஜெராக்ஸ் சான்றிதழை லேமினேஷன் பண்ணிக் கழுத்தில் மாட்டியிருந்தார். பட்டாசு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிட்டப் போனேன்.

"அண்ணாச்சி, இது தாங்குமா?"

"படிச்ச பிள்ளையாட்டம் இருக்கீக, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்களேன்."

வாசித்தேன். மூன்று கையெழுத்தும் தெளிவாக இருந்தன. சொன்னால் சங்கிலிபூதத்தானின் வேலை போகும். ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை என்று பாபநாசம் அண்ணாச்சிக்குக் கொடுத்த வாக்கும் போகும். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்.

சுட்டார். ஒன்றும் ஆகவில்லை. தேர் நகர்ந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, அவர் சுட்ட இடத்திலிருந்து, சுடும்போது நான் போய் நின்றிருந்த வேப்பமரம் வரை அடிமேல் அடி வைத்து அளந்து பார்த்தேன். நூற்று இருபத்து மூன்று. என் பாதம் கொஞ்சம் சிறியது. டேப் வைத்து அளந்தால் ஒன்றிரண்டு குறையலாம்.