கந்தப்பளைக் குளிரில் சூடு கண்டவர்

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் ஒருவர் இருப்பார். டாக்டர் இல்லாத தோட்டம் உண்டு, இவர் இல்லாத தோட்டம் கிடையாது. 'சூட்டு நிபுணர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். தலைவலியா? சூடு. தும்மலா? சூடு. கந்தப்பளையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்துக் கிடக்கும் காலையில், கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, "எல்லாம் உடம்புச் சூடுதான்" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! எங்கள் ராக்காயி அக்காவுக்கு அந்தத் தைரியம் இருந்தது.

கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமிக்கு வெள்ளைபட்டது. பிறகு அரிப்பு, நாற்றம். ஒரு நாள் ரத்தமும் பட்டது. பயந்துபோனாள். டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரோ ஆம்பளை. ஆகவே மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அக்காவிடம் சொன்னாள்.

"சூடுடி! கம்பளி தொவைக்கிற சவுக்காரம் போட்டு உள்ள நல்லா கழுவு."

கழுவினாள். எரிந்தது.

"எரிஞ்சா சூடு எறங்குதுன்னு அர்த்தம். ரெண்டு தடவை கழுவு."

எரிச்சல் கூடியது.

"அப்ப மூணு தடவை!"

இப்படிச் சந்தேகமே வராத மனதை வேறெங்கே பார்க்க முடியும்?

கடைசியில், பிள்ளைகளைப் பார்க்க லயத்துக்கு வந்த மருத்துவச்சி தனலெட்சுமி விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்க இருக்கிற கிருமியெல்லாம் கெட்டதில்லம்மா. தயிருல இருக்கிற மாதிரி நல்ல கிருமிங்க, அந்த எடத்தைப் புளிப்பா வச்சிருந்து காவல் காக்குதுங்க. சவுக்காரம் போட்டு காவலையே வெரட்டிட்டீங்களே! ரத்தம் வேற பட்டிருக்கு. கருப்பை வாயைப் பாத்தே ஆகணும். நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அக்கா வெட்கப்பட்டாரா? "அங்க தயிரு குடியிருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேனே!" என்று சாயந்திரத்துக்குள் லயம் முழுக்கப் பரப்பிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். புண்தான், மருந்தில் ஆறிவிடும், நல்லவேளை இப்போதே வந்தாய் என்றார். நாகலெட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்தால், பெஞ்சில் முக்காட்டுக்குள் பழகிய மூக்கு ஒன்று.

"என்னக்கா, சூடா?"

"பேசாம பக்கத்துல ஒக்காருடி. எனக்கு இந்தச் சூடு மூணு வருசமா இருக்கு."

நாகலெட்சுமி உட்கார்ந்தாள்.

சிரிக்கிறீர்களே, ஒன்று கேட்கிறேன். அவளுக்கு வெள்ளைபட்டது என்று படித்தவுடனே, 'வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் போச்சு' என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா, இல்லையா? அப்படியானால் வாருங்கள், அக்கா கொஞ்சம் தள்ளி உட்காருவார். பெஞ்சில் இடம் இருக்கிறது.