எனக்கு ஆஸ்துமா வந்து போன கதை

அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழன் எதையும் சட்டென்று வாங்கிவிட மாட்டான். டோஸ்டர் வாங்குவதாக இருந்தாலும் ரெவ்யூ ரெவ்யூவாகப் படிப்பான், தெரிந்தவர்களை எல்லாம் கேட்பான், கடைசியில் தெரியாதவன் ஒருவன் சொன்னதை வாங்குவான். அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தன் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசுவான். நானும் அந்த ஜாதிதான். நான் மிகச் சரியாகத் தேர்ந்தெடுத்த பொருள் எது என்று கேட்டால், வீடும் இல்லை, காரும் இல்லை. (மனைவி என்று சொல்லியிருக்க வேண்டும். ஜெபா, படித்துவிட்டுக் கோபப்படாதே.) அது ஒரு வேப். சிகரெட்டுக்குப் பதிலாக, பேட்டரியில் சூடாகி நிகோட்டின் ஆவியைத் தரும் சின்னச் சாதனம். டெக்சஸில் நாங்கள் குடியிருக்கும் பிளானோவின் தமிழ்க் கிறிஸ்தவச் சபை முழுக்க என் மானம் போனதும் அதனால்தான்.

சிகரெட்டைக் கல்லூரியில் பிடித்துக்கொண்டேன். என் மகள் ஷெரின் பள்ளியில் கறுப்பு நுரையீரல் படம் ஒன்று வரைந்து, அடியில் ‘மை டாட்’ என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிய அன்று விட்டேன். விட்டேன் என்றால், வேப்புக்கு மாறினேன். ஜெபா நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

"கராஜ்ல மட்டும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சுதுன்னா நான் உங்களுக்கு சப்போர்ட் பண்ண மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அவள் அப்பா வேதமாணிக்கம் சார், பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். அந்த ஊர்ச் சபையின் ஜெபக்குழுவுக்கும் அவர்தான் தலைவர். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது என் சம்பளத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "புகை உண்டா?" என்று மட்டும் கேட்டார். "சேச்சே" என்றேன். சட்டைப் பையில் இருந்த பாக்கெட் நெஞ்சில் குத்தியது.

ஆரம்பத்தில் நான் வாங்கியவை தூக்கிப் போடுகிற ரகம். ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் தர்பூசணி, பஞ்சுமிட்டாய் என்று ஒரு வாசனை. ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் என்னைக் குடைந்து முடித்து, ஒரு இழுப்பு இழுத்தால்தான் உயிர் தங்கும் என்று கார் பார்க்கிங்குக்கு ஓடும் அன்றைக்குப் பார்த்துச் செத்துப்போகும். சரி, பெரிய சாமானாக வாங்குவோம் என்று திரை, பட்டன்கள், வாட் கூட்டிக் குறைக்கும் வசதி எல்லாம் உள்ள ஒன்றை வாங்கினேன். அதை இயக்கத் தனிப் படிப்பு வேண்டியிருந்தது. ஒருநாள் பையிலேயே ஒழுகி, சட்டை முழுக்க மாம்பழ வாசனையோடு கிளையன்ட் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஞானம் வந்தது. எனக்கு வேண்டியது எளிமை, உழைப்பு. மறுபடி ஆராய்ச்சியில் இறங்கினேன். "வீடு வாங்கும்போது கூட நீங்க இவ்வளவு படிக்கல" என்றாள் ஜெபா. இந்திய மளிகைக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் இருந்த வேப் கடையில், ஏழெட்டு மாடல்களைத் தள்ளிவிட்டு நான் கேட்டதைக் கேட்ட விற்பனைப் பெண், "உங்களுக்கு போரிங்கா ஒண்ணு வேணும், அதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

சாம்பல் நிறம். கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம். திரை கிடையாது, விளக்கு கிடையாது, பட்டனே கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் வேலை செய்யும், அவ்வளவுதான். திங்கட்கிழமை சார்ஜ் போட்டால் வியாழன் வரை நிற்கும். புதினா வாசனை. பார்த்தால் ஏதோ மருத்துவச் சாமான் மாதிரி கண்ணியமாக இருக்கும். அந்தக் கண்ணியம்தான் என்னைக் கவிழ்த்தது.

மாமா, அதாவது வேதமாணிக்கம் சார், விசிட்டர் விசாவில் வந்து இறங்கினார். ஒரு நாள் மத்தியானம் நான் கராஜில், இரண்டாவது ஃப்ரிட்ஜுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நின்று, கண்ணை மூடி ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே மாமா. தேங்காய் எடுக்க வந்திருக்கிறார். என் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது.

"மாப்பிள்ளை... உங்களுக்கும் இழுப்பு உண்டா?"

மாமாவுக்கு வெகுகாலமாக ஆஸ்துமா. நீல நிற இன்ஹேலர் ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பார். அவர் கண்ணுக்கு என் கையில் இருந்தது அதன் அமெரிக்க மாடல்.

"எவ்வளவு சின்னதா ஆக்கிப்புட்டான் பாத்தீங்களா! மருந்து ஆவியாவே வருது. எத்தன வருஷமா இருக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். போதாக்குறைக்கு லேசாக இருமியும் வைத்தேன்.

"தலையாட்டினீங்களா?" என்றாள் ஜெபா, தலையில் கை வைத்துக்கொண்டு. "அப்பா இந்நேரம் குரூப்ல போட்டிருப்பாங்க."

போட்டுவிட்டார். பாளையங்கோட்டை ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் என் கல்யாணப் போட்டோவோடு விண்ணப்பம் போயிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு அக்கா அழுதுகொண்டே வாய்ஸ் நோட் அனுப்பினார். சாத்தான்குளத்தில் ஒருவர், என் நெஞ்சைச் சுற்றி அக்கினி மதில் எழும்பும்படி கேட்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரங்கள் ராஜ வாழ்க்கை. டெக்சஸ் வெயிலில் புல் வெட்டக்கூடாது என்று மாமா தடை போட்டார். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும் வேலை ஜெபாவுக்குப் போனது. (அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.) தூதுவளைப் பொடி ரசம், மிளகு போட்ட கோழி சூப் என்று வேளாவேளைக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நான் வேப்பை எடுத்தால் மாமாவே, "பேசாம இழுங்க மாப்பிள்ளை, நாங்க காத்திருக்கோம்" என்பார். மாமனார் அனுமதியோடு சோபாவில் உட்கார்ந்து வேப் அடித்த மருமகன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமைகள்தான் உறுத்தின. அன்றைக்கு மாமா எனக்காக உபவாசம் இருந்தார். காபி கூடக் கிடையாது. கராஜை ஒட்டியிருக்கும் லாண்டரி அறையில் முழங்காலிட்டு வாய்விட்டு ஜெபம் செய்வார். ஒருநாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "ஆண்டவரே, அந்தக் கருவி என் மகன் கைய விட்டுப் போகணும்யா. அது இல்லாம அவர் மூச்சு விடணும்." மருமகன் என்று சொல்லவில்லை, மகன் என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று இழுத்தது உள்ளே இறங்கவே இல்லை. (மறுநாள் இறங்கியது.)

மாமா ஊருக்குத் திரும்புவதற்கு முன் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். வாசலில் செருப்பு மலையாகக் குவிந்திருந்தது, கராஜில் பிரியாணித் தட்டுகள் அடுக்கியிருந்தன, ஹால் நிறைய ஜனம். பாட்டெல்லாம் முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் மாமா எழுந்து, என்னையும் கைபிடித்து எழுப்பி, சபைக்கு முன்னால் நிறுத்தினார். என் நோய்க்காக எல்லாரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டுமாம். அதற்கு முன் ஒரு கீர்த்தனை என்று உச்ச ஸ்தாயியில் எடுத்தார். வெளியே மகரந்தக் காலம். இரண்டாவது அடியிலேயே இருமல் வந்தது, இருமலோடு விசிலும் சேர்ந்தது.

கூட்டத்துக்காகச் சட்டை மாற்றியதில் அவருடைய இன்ஹேலர் மாடியிலேயே தங்கிவிட்டது. ஷெரின் அதை எடுக்க மாடிப்படிக்கு ஓடுவதைப் பார்த்தேன். மாமா காத்திருக்கவில்லை.

"மாப்பிள்ளை, உங்களுதக் குடுங்க" என்று என் சட்டைப் பையில் கைவிட்டு அவரே எடுத்துவிட்டார். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஐயோ, பெரியவர் மூச்சுத் திணறுதாரு! விடுங்க தம்பி!" என்றார் ரூபி ஆன்ட்டி. எங்கள் சபையில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"அது... என் டோஸ் வேற ஆன்ட்டி."

"அவசரத்துக்கு ஒரு பஃப் குடுக்கலாம் அண்ணா" என்றாள் பின்வரிசையில் இருந்த நர்ஸ் பெண்.

"சார்ஜ் இல்ல!"

"இன்ஹேலருக்கு எதுக்கு பிரதர் சார்ஜ்?" என்றார் பாஸ்டர்.

மூச்சு வாங்கும் முதியவரிடமிருந்து மருந்தைப் பிடுங்கும் பாதகனைப் பார்ப்பது போல் மொத்தச் சபையும் என்னைப் பார்த்தது. ஜெபா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா மணிக்கட்டை உருவிக்கொண்டு வேப்பை உதட்டருகே கொண்டு போனார். பட்டனே இல்லாத எளிமையை எவ்வளவு ஆராய்ந்து தேடிப் பிடித்தேன்! யார் வாயில் வைத்தாலும், ஒரே இழுப்பில், சொன்ன வேலையைச் செய்துவிடும். இழுப்பு நோய்க்காரர் நெஞ்சுக்குள் நிகோட்டின் போகப் போகிறது.

நான் அதைத் தட்டிவிட்டேன்.

"மாமா, அது மருந்து இல்ல! சிகரெட்டு மாமா, சிகரெட்டு! எனக்கு ஆஸ்துமாவும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

வேப் தரையில் உருண்டு பாஸ்டரின் காலடியில் போய் நின்றது. (கீறல் கூட விழவில்லை. தரமான சாமான்.) ஷெரின் தடதடவென்று இறங்கி வந்து, "தாத்தா, ஹியர்" என்று நீல இன்ஹேலரை நீட்டினாள். மாமா இழுத்தார், நிறுத்தினார், இன்னொரு முறை இழுத்தார். மூச்சு சீரானது. எனக்கு மட்டும் சீராகவில்லை. தரை பிளந்து என்னை விழுங்காதா என்று நினைத்தேன். பிளானோ தரை களிமண்தான், சும்மா இருக்கும்போது எத்தனை வீட்டு அஸ்திவாரத்தைப் பிளக்கிறது! அன்றைக்குப் பார்த்து அசையவில்லை.

பாஸ்டர் கையிலிருந்து வேப்பை வாங்கி மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரியா?"

"ஆமா மாமா."

"எத்தன நாள் நிக்கும்?"

"திங்கக்கிழமை போட்டா வியாழன் வரைக்கும் மாமா." அந்த நிலைமையிலும் என் குரலில் ஒரு பெருமை வந்துவிட்டது. என்ன செய்ய, அவ்வளவு படித்து வாங்கியது.

"நல்ல சாமான்தான்" என்று சொல்லி அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"மாப்பிள்ளை எங்கிட்ட பொய் சொல்லிட்டாரு. எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் ஒழுங்கா மூச்சு விடணும்னு தன் மானத்த விட்டாரு பாருங்க, அதையும் எல்லாரும் பாத்தீங்க. அப்புறம் இன்னொண்ணு சொல்லுதேன். நம்ம ஜெபத்துல ஒரு எழுத்தக் கூட மாத்த வேண்டாம். இந்தக் கருவி அவர் கைய விட்டுப் போகணும்னுதான கேட்டோம்? போயிட்டுது." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "அது இல்லாம மூச்சு விடணும்னு கேட்டோம். இனி விடுவாரு."

"ஆமென்!" என்றார் ரூபி ஆன்ட்டி. ஹாலே இடிந்து விழுகிற மாதிரி எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜெபா சிரிப்பை அடக்க முடியாமல் கிச்சனுக்கு ஓடினாள். பாஸ்டர் என் கையைக் குலுக்கி, இவ்வளவு நேர்மையான சாட்சியை இந்த ஊரில் இதுவரை கேட்டதில்லை என்றார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

பிரியாணி எடுக்கக் கராஜுக்குப் போனால் பின்னாலேயே ரூபி ஆன்ட்டியின் கணவர் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வியாழன் வரைக்குமா தம்பி நிக்குது? எனக்கு மத்தியானத்துக்கே போயிடுது" என்றார். மாமாவைப் போய்ப் பாருங்கள் அங்கிள் என்றேன். கூட்டம் கலைவதற்குள் மாமாவின் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. என்னோடு சேர்ந்து எத்தனை பேர் ஒப்படைத்தார்கள் என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

விட்டது சுலபமில்லை. சில வாரங்களுக்கு நான் நாய் மாதிரி எல்லார் மேலும் விழுந்தேன். மாமா டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். சாயங்காலமானால் என்னைப் பிடித்து ஏரிப் பாதையில் நடக்க வைத்தார். வெள்ளிக்கிழமை உபவாசத்தில் நானும் சேர்ந்தேன். புல் வெட்டும் வேலை திரும்ப என்னிடமே வந்தது. அதன் பிறகு இன்றுவரை தொடவில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், ஜெயித்துவிட்டேன்.

போன டிசம்பரில் குடும்பத்தோடு பாளையங்கோட்டை போனோம். ‘கருவி போயிற்று’ என்று மட்டும் மாமா குழுவில் போட்டிருந்ததால், ஆராதனை முடிந்ததும் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. நாசரேத் அக்கா நேரிலேயே வந்து அழுதார். குழுவில் இருந்த டாக்டர் ஒருவர் அங்கேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு, துளி சத்தம் இல்ல" என்று அறிவித்தார். "ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

மாமா பொய்க்குத் துணை போகிறவர் அல்ல. கையை உயர்த்திக் கூட்டத்தை அமைதியாக்கினார். "கேளுங்க. எங்க மாப்பிள்ளைக்கு இருந்தது சிகரெட்டுப் பழக்கம். ஆஸ்துமா அவருக்கு வந்ததே இல்ல."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம் நாசரேத் அக்கா இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கினார்.

"பாத்தீங்களா சார்! வந்த தடமே இல்லாம ஆண்டவர் எடுத்துப்போட்டார்!"

இரண்டாவது ஸ்தோத்திரம் முதலாவதை விடப் பலமாக இருந்தது. மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவரும் கையை விரித்துவிட்டோம். இப்போதெல்லாம் பிளானோ வீட்டில் கடைசித் துண்டு கேக் காணாமல் போய், நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தால், தமிழில் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசாத என் மகள் காலித் தட்டை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, "வந்த தடமே இல்லாம!" என்கிறாள். ஜெபா அடுப்படியிலிருந்து ஆமென் சொல்கிறாள்.