ஹென்டர்சனில் ஓடிய கியோட்டோ ஆறு

உலகத்தில் எந்தக் காரியத்தையும் முதல் தடவையாகச் செய்யாத ஒரே மனிதர் ரிகர்சல் அண்ணைதான். பல் பிடுங்கப் போவதானாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் குட்மார்னிங் சொல்வதானாலும் சரி, வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார். பிறந்தபோதுகூட முதலில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, திருப்தி ஏற்பட்ட பிறகே முழுசாக வந்திருப்பார் என்பது என் ஊகம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் அவர் வீட்டுப் பின்னறையில் நான் குடியிருந்தேன். மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவன், அலமாரி நிறைய இலக்கியம் படித்தவன். இத்தனை தகுதிகளின் பலத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்தேன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், பெயின்ட் தொழிற்சாலையில் வேலை. முன்னறையில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த மணியம். மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றி இறக்குபவன். எங்கள் இருவரையும் அண்ணை வீட்டில் வைத்திருந்தது வாடகைக்காக இல்லை, நடிகர்கள் தேவைப்பட்டதால்தான் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

பல் டாக்டராக மணியம் நடித்தான். கையில் டார்ச்சும் சூப் கரண்டியும். அண்ணை அவன் விரலைக் கடித்துவிட்டார். நிஜ டாக்டரைக் கடிக்கவில்லை. "இதுக்குத்தான் ரிகர்சல் வேணுமெண்டுறது" என்று கட்டு போட்டிருந்த மணியத்திடமே விளக்கினார்.

மார்ட்கேஜ் கேட்கப் போகுமுன் என்னை பேங்க் மேனேஜர் ஆக்கினார். நான் பாத்திரத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஒன்றிப்போய், கடன் கிடையாது என்று சொல்லிவிட்டேன். நிஜ மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனாலும் அண்ணைக்கு என்மேல் கோபம் தணியவில்லை.

"அந்த மனுசன் வெள்ளைக்காரன். முன்னைப் பின்னை என்னைத் தெரியாது. அவனே தந்தவன். நீர் என்ரை வீட்டுச் சோறு திண்டுகொண்டு இல்லையெண்டிட்டீர்!"

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் கியோட்டோ நுழைந்தது.

அதற்குமுன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணையின் மனைவி. பல வருடப் பிரிவுக்குப் பிறகு அப்போதுதான் நியூசிலாந்து வந்து சேர்ந்திருந்தார். ஆக்லாந்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், தண்ணீரெல்லாம் படகு. அக்கா ஒன்றிலும் கால் வைக்க மாட்டார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அவர் ஏறிய கடைசிப் படகு, போர்க்காலத்தில் கடற்படைக்குப் பயந்து, இரவில் கிளாலிக் கடலேரியில் விளக்கில்லாமல் போனது. அதில் யாரும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. கைக்குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். இதற்குமேல் அக்கா சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

சென்னையில் அக்காவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. டிக்கெட் ஒசாகா வழியாக, நடுவில் ஜப்பானில் இரண்டு நாள் தங்கல். டிராவல் ஏஜென்சியில் கொடுத்த வண்ணத்தாளோடு அண்ணை என் அறைக்குள் புகுந்தார். கியோட்டோ, ஜப்பானின் பழைய தலைநகரம். தெருவுக்குத் தெரு கோயில். அந்தக் கோயில்களையெல்லாம் ஒரே மடிப்பில் மறைத்துவிட்டு ஒரு படத்தை மட்டும் காட்டினார். மலை இடுக்கில் நுரைத்து இறங்கும் ஹோசு ஆறு. அதில் தட்டையான நீளப் படகு. முன்னால் ஒருவர் மூங்கில் கழியால் பாறையைத் தள்ளுகிறார், ஒருவர் துடுப்பு வலிக்கிறார், பின்னால் ஒருவர் சுக்கான் பிடிக்கிறார். நடுவில் பயணிகள்.

"தம்பி, சனத்தின்ரை வாயைப் பாரும். என்ன தெரியுது?"

"பல் தெரியுது அண்ணே."

"சத்தம் ஐசே, சத்தம்! எல்லாரும் கத்துகினம். இந்தப் படகிலை கத்தலாம். கத்தத்தான் ஏறுறதே. என்ரை மனுசி ஒருக்கா இதிலை இருந்து வாய்விட்டுக் கத்தினாளெண்டால்..." மேலே சொல்லாமல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சனிக்கிழமை ரிகர்சல்."

அக்கா சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "நீங்கள் போய்க் கத்துங்கோ. நான் கரையிலை பையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

சனிக்கிழமை ஹாலுக்கு இரட்டைக் கட்டில் மெத்தை வந்தது. அதுதான் படகு. சோபா மெத்தைகளும் ஓர் அரிசி மூட்டையும் பாறைகள். துணிக்கொடிக்கு முட்டுக்கொடுக்கும் கம்போடு நான் முன்னால். துடைப்பத்தோடு மணியம் நடுவில். தண்ணீர் தெறித்தால் பயணிகள் பிடித்துக்கொள்ள அங்கே பிளாஸ்டிக் விரிப்பு தருவார்களாம். அதற்குக் குளியலறைத் திரையைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆறாக நடித்தது அண்ணையேதான், கையில் பூச்செடி வாளியுடன்.

"இடப்பக்கம் பாறை! தள்ளும் தம்பி! மணியம், வலி! கத்துங்கோ எல்லாரும்!"

கத்தினோம்.

"இது தொண்டையிலையிருந்து வருது. வயித்துக்குள்ளையிருந்து வரோணும்!"

"அண்ணே, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்திருக்கேன் லா" என்றான் மணியம். "வயித்துல ஒண்ணுமே இல்ல, எங்கேருந்து வரும்?"

அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணை அசரவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் ஆறு ஓடியது. எங்கள் கத்தலில் நயமும் பாவமும் கூடிக்கொண்டே வந்தன. அது உச்சத்தைத் தொட்ட ஒரு பிற்பகலில் வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். நிலைப்படி நிறைய ஒரு போலீஸ்காரர். சமோவாக்காரர். இந்த வீட்டில் யாரையோ கொலை செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்திலிருந்து போன் போயிருக்கிறது.

படித்தவன் என்ற முறையில் நான் முன்வந்து, தெளிவான ஆங்கிலத்தில் விளக்கினேன். "ஒன்றுமில்லை சார். நாங்கள் ஜப்பானில் ஓர் ஆற்றில் போய்க்கொண்டிருக்கிறோம்."

அவர் என் கம்பைப் பார்த்தார். குளியலறைத் திரையைப் போர்த்தியிருந்த மணியத்தைப் பார்த்தார். இடுப்பு வயர்லெஸை நோக்கி அவர் கை போன சமயம், அண்ணை அந்த வண்ணத்தாளை நீட்டினார். போலீஸ்காரர் அதை வெகுநேரம் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"பின்னால் சுக்கான் பிடிக்க ஆளில்லையே?"

"நீங்கள் இருங்கோ சார்" என்றார் அண்ணை, தமிழிலேயே.

உட்கார்ந்தார். அந்தப் பாரத்தில் மெத்தையின் முன்பகுதி எழும்ப, நான் அரிசி மூட்டைமேல் போய் விழுந்தேன். "பாறை!" என்று அண்ணை அலற, போலீஸ்காரர் வயிற்றின் அடியாழத்திலிருந்து ஒரு கத்து கத்தினார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இத்தனை வாரமாகத் தேடிய சத்தம் கிடைத்துவிட்ட பரவசத்தில், அண்ணை வாளித் தண்ணீர் முழுவதையும் அவர் தலையில் கவிழ்த்துவிட்டார்.

சமையலறை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் அகப்பை. முகத்தில் ரத்தமே இல்லை. யூனிபார்ம் வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தில் அவர் கண்டது வேறு. இந்த யூனிபார்மோ முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, "இன்னொரு தடவை போகலாமா?" என்று ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு விக்கல்போல ஏதோ வந்தது. அது சிரிப்பு என்று எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "அரக்கியிருங்கோ" என்று மணியத்தை ஒதுக்கி, மெத்தை நடுவில் வந்து உட்கார்ந்தார். கத்தவில்லை. அகப்பையை மட்டும் இறுகப் பிடித்திருந்தார்.

"போதும்" என்றார் அண்ணை. "மிச்சம் அங்கை."

கல்யாணம் முடிந்து அவர்கள் ஆக்லாந்து திரும்பியபோது மங்கரே விமான நிலையத்துக்குக் காரோடு போனது நான்தான். வண்ணத்தாளில் இருந்த படம் வழியெல்லாம் கண்ணுக்குள் வந்தது. அக்கா படகில் ஏறியிருப்பாரா, கரையில் பையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாரா? நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பத்தடி தூரத்திலேயே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, உம்மடை அண்ணை ஒரு சதத்துக்குப் பிரயோசனமில்லை! முதல் பாறையிலை வாயை மூடின மனுசன், கரைக்கு வருமட்டும் திறக்கேல்லை. நான்தான் கத்தினது! முன்னாலை இருந்த ஜப்பான்காரக் கிழவர் காதைப் பொத்தினவர். பிறகு அவரும் சேர்ந்து கத்தினவர். படகுக்காரன் பகிடி சொல்லுறான், எனக்கு ஒரு இழவும் விளங்கேல்லை. ஆனால் எல்லாருக்கும் முதல் நான்தான் சிரிச்சனான்."

"பரவாயில்லையே அக்கா!"

"கேளுமன். ஆறு அடங்கினாப்போலை ஒரு கடைப் படகு வந்து எங்கடை படகோடை ஒட்டினது. சுட்ட கணவாய். மணம் நல்லம், உறைப்பு மருந்துக்கும் இல்லை. என்ரை ஹாண்ட்பாக்கிலை கறித்தூள் இருந்தது, தூவினன். படகுக்காரன் ஆசையாப் பாத்தான், பாவம், ஒண்டு குடுத்தன்."

"அப்புறம்?"

"பிறகு அவன் துடுப்பு வலிக்கேல்லை. ஆத்துத் தண்ணியை அள்ளி அள்ளிக் குடிச்சுக்கொண்டு நிண்டவன்."

அக்கா பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நானும் அண்ணையும் டிக்கியில் பெட்டிகளை அடுக்கினோம்.

"என்ன அண்ணே, அவ்வளவு பயமா?"

அவர் டிக்கிக் கதவைச் சாத்தி, சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"பயமில்லை ஐசே" என்றார் மெதுவாக. "நானும் கத்தினால் அவளின்ரை சத்தம் கேக்காது."

மோட்டார்வேயில் ஏறினால் ஹென்டர்சனுக்குச் சீக்கிரம் போய்விடலாம். பின்சீட்டில் அக்கா மறுபடியும் முதல் பாறையிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தார். நான் காரைச் சுற்றுவழியில் திருப்பினேன்.