நகரியில் ஓடிய வண்டி திருப்பதியில் ஓடாத காரணம்

நகரி,
புதன்கிழமை மதியம்.

அன்பும் மதிப்பும் மிகுந்த அண்ணன் ஹேமநாத் அவர்களுக்கு,

தங்கை யாமினி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் மச்சான் வேணுவும், பிள்ளைகள் பிரித்திகாவும் தரணியும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அம்பத்தூரில் நீங்களும் தேவசேனா அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும். தறிகள் ஓடுகின்றன. மழை அளவாகப் பெய்தது. இந்த நாலு வரியை எழுதவே எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. இதற்கு மேல் ‘நீங்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது. நீ என்றே எழுதுகிறேன், கோபத்தோடு கோபமாக அதையும் சேர்த்துக்கொள்.

நீ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை விட்டுப் போனபிறகு நான் போட்ட பதினோரு போன் கால்களையும் எடுக்கவில்லை. அதனால்தான் பிரித்திகாவின் ரஃப் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதுகிறேன். பின்பக்கம் இருக்கும் பின்னக் கணக்கைப் பார்க்காதே, தப்பாகப் போட்டிருக்கிறாள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம், ஆனால் அதை மட்டும் சொன்னால் நான் ரொம்பக் கெட்டவளாகத் தெரிவேன், ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், அப்போது கொஞ்சம் கெட்டவளாகத் தெரிவேன்.

பிரித்திகா ஏழாம் கிளாஸ். அவள் ஸ்கூலில் வெங்கடலட்சுமி மேடம், திருப்பதியில் நடக்கப்போகும் போட்டிக்காக ஆளுக்கொரு குட்டி வண்டி கொடுத்தார்கள். இரண்டு சக்கரம், அடியில் கோட்டைப் பார்க்கிற கண், நடுவில் பேட்டரி. தரையில் ஒரு கோடு போட்டால் அதைப் பார்த்துக்கொண்டே தானாகப் போக வேண்டும். அப்படிப் போகச் சொல்லி நாம்தான் எழுதித் தர வேண்டும். பிரித்திகா என்னுடைய போனில் கலர் கலரான கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அதை வண்டிக்குள் அனுப்பினாள். நம் தறிக்கொட்டகைத் தரைதான் உனக்குத் தெரியுமே, எண்ணெய் ஊறி ஊறிக் கன்னங்கரேலென்று இருக்கும். அதில் வெள்ளை நாடாவை வளைத்து ஒட்டினாள். வண்டி நாடா மேலேயே பிசகாமல் போயிற்று. வேணு தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். கரண்டு போகாமல் அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அதை வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டேன் அண்ணா, அங்கே பிடித்தது சனி.

என் கணவரின் அண்ணன் மோகன்ராஜ் பாவா புத்தூரில் நெட் சென்டர் வைத்திருப்பவர் அல்லவா, அவர் உடனே நேரிலேயே வந்துவிட்டார். “இன்னாம்மா யாமினி, போனை வெச்சிக்கினு ரோபோ ஓட்றதா? அது பொம்மைம்மா! திருப்பதியில காம்படிசன்ல நாலு பேரு சிரிப்பானுங்க. நம்ம பழைய லேப்டாப்பு கீது, விண்டோஸ் போட்டது, எடுத்துக்கோ. ஊரு உலகமே விண்டோஸ்தான்” என்றார். அதை நான் குரூப்பில் எழுதியதும் நீ, “விண்டோஸ் ஆபீஸில் லெட்டர் அடிக்க. மெஷின் ஓட்டுகிறவன் எவனும் லினக்ஸ்தான்” என்று எழுதினாய். பாவா உடனே, “ஃப்ரீயா கெடைக்கிறது எதுவும் நிக்காது” என்றார். நீ, “காற்றுகூட ஃப்ரீதான், நின்றால் சொல்லுங்கள்” என்றாய். அந்த இடத்தில் நான் சிரிக்கிற பொம்மை போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அது கம்ப்யூட்டர் விஷயமாக இல்லை, பிறந்த வீடா புகுந்த வீடா என்று ஆகிவிட்டது. நானும் திருப்பதியில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு அதை வைத்து ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, இத்தனை வருடம் சேர்த்து வைத்ததை எல்லாம் அந்த ஒரு வாரத்தில் பேசித் தீர்த்தேன். காலையில் இட்லித் தட்டை இறக்கும்போதும் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஈடு கருகிற்று. “இட்லியும் லினக்ஸ்ல வெந்துதா?” என்று வேணு கேட்டார், அவரிடமும் மூன்று நாள் பேசவில்லை.

இந்த நேரமெல்லாம் பிரித்திகா என் பக்கத்தில் வந்து நின்று, “அம்மா, போன் குடும்மா, ரெண்டே நிமிசம். அங்க கோடு வேற மாதிரிம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான், “இரு, மாமாவுக்கு சப்போர்ட் பண்ணிக்கினு கீறேன்” என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, அவள் சொல்கிறாள். நாலு தரம் கேட்டாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பாவா கொடுத்த லேப்டாப்பில் போட நீ பென் டிரைவில் லினக்ஸ் அனுப்பியிருந்தாய். போனில் எவ்வளவு தெளிவாகச் சொன்னாய், “யாமினி, ஒரு இடத்தில் இரண்டு வழி கேட்கும். பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதைப் போடுவது ஒன்று. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடுவது ஒன்று. அழிப்பதைத் தொடாதே. அந்தப் பக்கம் வந்ததும் என்னைக் கூப்பிடு” என்றாய். வந்தது. நான் உன்னைக் கூப்பிடவில்லை. குரூப்பில் பாவா ஏதோ எழுதியிருந்தார், அதற்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கிற்று, தரணி அழுதாள், அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்த வேகத்தில் என் கைதான் பட்டிருக்க வேண்டும். பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கிறது, அழிக்கிறேன் அழிக்கிறேன் என்று. அழித்து முடித்துவிட்டு எனக்கு நல்வரவு வேறு சொன்னது.

லேப்டாப்பில் பாவாவின் தொழில் சம்பந்தமாக எதுவும் இல்லை, அதெல்லாம் சென்டரில் இருக்கிறது. ஆனால் அவர் பத்து வருடமாக ஆடிய சீட்டாட்டத்தின் ஸ்கோர் அதில்தான் இருந்ததாம். அவர் அதைச் சொன்னபோது குரல் உடைந்தது, உன்மேல் ஆணை. “யாரும்மா அழுத்தினது?” என்று கேட்டார். வேணு நிற்கிறார், பக்கத்து வீட்டு பாப்பாத்தி அக்கா வாசலில் எட்டிப் பார்க்கிறார். என் வாயில், “அண்ணன் சொல்லித்தான் அழுத்தினேன்” என்று வந்துவிட்டது.

இதுதான் அண்ணா நான் சொல்ல வந்த ஒரே விஷயம்.

பாவா அதைக் குரூப்பில் எழுதினார். “மெட்ராஸ் இன்ஜினியர் நம்ம வீட்டையே ஃபார்மட் பண்ணிட்டாரு.” எட்டுப் பேர் சிரித்தார்கள். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ‘ஹேமநாத் வெளியேறினார்’ என்று மட்டும் வந்தது. அதை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை திருப்பதியில் போட்டி, ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாலில். பஸ்ஸில் ஏறியதிலிருந்து எனக்கு மனசு உறுத்தல், குரூப்பில் உண்மையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ‘தப்பு என்னுடையது’ என்று எழுதினால் தீர்ந்தது. அதை எழுதாமல், அண்ணன் எப்படிப்பட்டவர், எங்கள் வீட்டில் எப்படி வளர்த்தார்கள், பத்தாம் கிளாஸில் எத்தனை மார்க்கு என்று சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே போனேன். பிரித்திகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரேணிகுண்டா வரைக்கும், “அம்மா, போன்” என்றாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். திருப்பதியில் இறங்கும்போது போன் செத்துப்போயிற்று. எழுதியதும் போகவில்லை.

ஹாலுக்குள் போனால் தரையெல்லாம் வெள்ளை ஃப்ளெக்ஸ், அதில் கருப்புக் கோடு. நம் வீட்டில் கருப்புத் தரை, வெள்ளைக் கோடு! ஒரே ஒரு கட்டத்தை மாற்ற வேண்டும், ‘வெள்ளையைத் தேடு’ என்பதைக் ‘கருப்பைத் தேடு’ என்று. அது போனில் இருக்கிறது, போனில் உயிரில்லை. லேப்டாப்பில் உயிர் இருக்கிறது, உள்ளே லினக்ஸைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கள் நம்பர் மூன்று. சார்ஜருக்கு நான் ஓடித் திரும்புவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். “ஸ்டார்ட் செய்யம்மா” என்றார் நடுவர். வண்டி கோட்டைத் திரும்பியும் பார்க்காமல், ஹால் முழுக்க வெள்ளை என்று சந்தோஷமாக நேரே ஓடி, நடுவர்களின் மேஜைக்கு அடியில் தொங்கிய வெள்ளைத் துணிக்குள் புகுந்து, ஒரு சாரின் செருப்பில் முட்டிக்கொண்டே நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். “பர்வாலேதம்மா, பர்வாலேது” என்று தெலுங்கில் பரவாயில்லை சொல்லி அந்த சார் குனிந்து எடுத்துக் கொடுத்தார். பிரித்திகா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. வண்டியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, “உங்க மூணு பேருக்கும் எது பெருசுன்னுதான் கேள்வி. கோடு இன்னா கலருன்னு ஒருத்தரும் கேக்கல” என்றாள். திரும்பி வரும்போது நாகலாபுரம் வழி போகிற பஸ்ஸில் தப்பாக ஏறிப் பாதியில் இறங்கினோம், அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். அன்றைக்கு நான் படித்த படிப்பை யாராவது கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

அண்ணா, மாசி பத்தாம் தேதி தரணிக்குத் திருமலையில் மொட்டை. கீழே இறங்கி வந்து திருப்பதி சத்திரத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். நீ வருவாயோ மாட்டாயோ என்று நான் முழித்துக்கொண்டிருக்க, பாவா, “அவரு வரலன்னா இன்னா, நான் உக்கார்றேன், மடி மடிதானே” என்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். அதற்குப் பிரித்திகா, தன் பெரியப்பா முகத்துக்கு நேரேயே, “பெரிய நைனா மடி இதுக்கு சப்போர்ட் ஆவாது” என்றாள். நேற்று பாவாவைக் கூப்பிட்டு வேணு முன்னாலேயே, “அண்ணன் அழிக்கச் சொல்லவில்லை, அழித்தது நான்தான், பயத்தில் மாற்றிச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் போனை எடுத்து, குரூப்பில் தான் எழுதியதைத் தேடிப் படித்துப் பார்த்தார். அப்புறம், “எவ்ளோ பெரிய தப்பு பண்ட்டேன்மா, குரூப்புல வேற போட்டுட்டேனே. ஹேமநாத்தை வரச் சொல்லு. வந்து அந்த லினக்ஸையே எனக்குக் காட்டிக் குடுக்கட்டும், சீட்டாட்டம் கீதான்னு பாக்கலாம்” என்றார்.

நீ வந்து உட்கார்ந்தால்தான் தரணி காதில் கம்மல் ஏறும். இல்லாவிட்டால் வெறும் காதோடேயே வளரட்டும், கேட்கிறவர்களிடம் காரணம் நான்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம். உன் தொழிலும் உடம்பும் செழிக்க ஏழுமலையான் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்த, நீ காட்டிக்கொடுக்காத தங்கை,
யாமினி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பிரித்திகா ஸ்கூலிலிருந்து வந்து, அவள் நோட்டுத் தாள் என்பதால் உரிமையோடு வாங்கி முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, “அம்மா, நீ பால் எறக்கப் போனப்ப கை ஒண்ணும் படல. அழுத்தினது நான்” என்றாள். ஏன்டி என்றேன். “லேப்டாப்புல ஒண்ணும் இல்லன்னா சண்ட இருக்காது. சண்ட இல்லன்னா போன் கெடைக்கும்னு நெனைச்சேன். நீங்க அதுக்கப்புறம்தான் ஜாஸ்தியா போட்டுக்கினீங்க” என்றாள். மூன்று மாதமாக அவளும் தூங்காமல்தான் இருந்திருக்கிறாள் போல. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. பாவாவிடம் நான் என்றுதான் சொல்லியிருக்கிறேன், அது நானாகவே இருக்கட்டும். நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. வருகிற நாளை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. போன் பிரித்திகாவிடம் இருக்கிறது.