லக்ஸர் பஸ்ஸில் சவுக்காரம் அண்ணை

எங்கள் சங்கத்தின் சுற்றுலாத் தலைவர் ஒரு பயந்தாங்கொள்ளி. மேடையில் மாலை விழும்போது நெஞ்சை நிமிர்த்துவார். ஒரு வயதுபோன மனிதரின் பெயரை வெட்டுவதென்றால், ஒருவருக்கும் சொல்லாமல் வெட்டி, தாளைப் பலகையில் குத்திவிட்டுப் பின்கதவால் போய்விடுவார். போன ஞாயிறு வைலேயில் உள்ள எங்கள் சங்க மண்டபத்தில் அந்தத் தாளைப் பார்த்தேன். வருகிற கோடையில் கிரீஸ் போகிறவர்களின் பட்டியல். மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்தேன். சவுக்காரம் அண்ணையின் பெயர் இல்லை.

தலைவரைக் கேட்டால், "அக்கா, நீங்கள்தானே அவரைப் பற்றி எழுதித் தந்தனீங்கள்" என்கிறார்.

ஓம், எழுதினேன். அதற்கு வருகிறேன். முதலில், இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களில் அவரைத் தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டென்மார்க்கில் உள்ள தமிழரில் அதிகம் கரைச்சல் தருகிறவர் சவுக்காரம் அண்ணைதான். நான் இரண்டாவது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூரம் அதிகம்.

எஸ்பியர்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் கழுவுகிற பகுதியில் வேலை செய்தவர். இப்போது பென்சன். அந்தத் தொழிற்சாலையில் அழுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சிவப்புச் சப்பாத்து, சுத்தமான பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வெள்ளைச் சப்பாத்து. நடுவில் ஒரு தொட்டி, சவுக்காரம், தண்ணீர்; அந்தச் சோப்புக்கட்டிதான் பிறகு இவருக்குப் பட்டப்பெயர். கழுவாமல் கடந்தால் வேலையை நிறுத்துகிற உரிமை இவருக்கு இருந்தது. ஒருநாள் முதலாளியே விருந்தாளிகளோடு கதைத்துக்கொண்டு கடந்துவிட்டார். இவர் பொத்தானை அமத்தி முழுத் தொழிற்சாலையையும் நிறுத்திவிட்டார். முதலாளி திரும்பிப் போய்க் கழுவினாராம். விருந்தாளிகளும் கழுவினார்களாம்.

அன்றிலிருந்து அவருக்கு உலகம் முழுவதும் சிவப்புச் சப்பாத்துப் பக்கம், வெள்ளைச் சப்பாத்துப் பக்கம் என்று இரண்டாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அவர் வளர்ந்த வீட்டில் துடக்கு என்கிற தீட்டு, அதைக் கழிக்கிற முழுக்கு எல்லாம் கடும் கண்டிப்பு. டென்மார்க்கின் சுகாதார விதிகள் அதற்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டன. "டெனிஷ்காரன் புத்தகத்தில எழுதி வைச்சிருக்கிறான். எங்கட ஆக்கள் வாயால சொன்னவை. ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை" என்பார்.

அவர் வீட்டு வாசலில் நிலத்தில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும். நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று கழுவினால்தான் அந்தப் பக்கம் தேத்தண்ணி. நான் கோல்டிங்கில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். கை கழுவுவதுதான் என் தொழிலில் பாதி. என்னையே திருப்பி அனுப்பினார்.

"கழுவிட்டன் அண்ணை."

"பெருவிரலை விட்டிட்டாய்."

பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன். அதுதான் எனக்கு ஆத்திரம். இந்த மனிதர் பிழையாகச் சொன்னால் சண்டை பிடிக்கலாம்.

ஒருமுறை மண்டபத்து விருந்துக்கு டெனிஷ் பாதிரியார் ஒருவர் வந்தார். எல்லாரும் எழும்பி நிற்க, சவுக்காரம் அண்ணை வடைத் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு "நகத்தைக் காட்டுங்கோ, ஃபாதர்" என்றார். பாதிரியார் காட்டினார். "இடக்கை" என்றார். அதையும் காட்டினார். பிறகுதான் வடை.

இப்படிப்பட்டவரைத்தான் போன ஒக்டோபர் விடுமுறையில் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

டென்மார்க்கின் பில்லுண்டிலிருந்து செங்கடல் கரையில் உள்ள ஹுர்காடாவுக்கு நேர் விமானம். மற்ற ஆட்கள் கடலுக்காக வந்தார்கள். நான் வந்தது ஒரே ஒரு நாளுக்காக. அந்த நாளில் பஸ்ஸில் லக்ஸருக்குப் போய், அரசர்களின் சமாதிகளையும் கர்னாக் கோயிலையும் பார்க்கலாம். கர்னாக் தூண்களின் படம் என் வேலையிடத்தில் ஒரு பழைய கலண்டரில் தொங்குகிறது. வருடம் முடிந்தும் நான் அதைக் கழற்ற விடவில்லை. அந்தத் தூண்களுக்கு நடுவில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று என் மனிசனிடம் சொல்லிச் சொல்லி, அவர் கடைசியில் காசு கட்டினார்.

பஸ்ஸில் பாதி நாங்கள், பாதி டெனிஷ் பென்சன்காரர். வழிகாட்டி மஹ்மூத் என்ற பெடியன். டென்மார்க்கை ஒருநாளும் பார்க்காதவன், எங்களைவிட நன்றாக டெனிஷ் கதைத்தான். ஒலிவாங்கியில் அன்றைய ஒழுங்கைச் சொன்னான். முதலில் சமாதிகள், பிறகு சாப்பாடு, பிறகு கோயில்.

சவுக்காரம் அண்ணை எழும்பினார். டெனிஷில்தான் கதைத்தார், அவருடைய டெனிஷ் இப்படித்தான் இருக்கும்.

"தம்பி, இந்த ஒழுங்கு பிழை. கோயில் முதல். சமாதி பிறகு."

"வெயில் ஏற முன்னர் சமாதிகளைப் பார்க்க வேண்டும். எல்லா பஸ்ஸும் இப்படித்தான்."

"எல்லா பஸ்ஸும் பிழை. செத்தவீட்டுக்குப் போயிட்டு முழுகாமல் கோயிலுக்குப் போக ஏலாது."

மஹ்மூத் பொறுமையானவன். "அவர்கள் இறந்து மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது" என்றான்.

"அந்தியேட்டி ஆர் செய்தது?"

அந்தியேட்டிக்கு டெனிஷில் சொல் இல்லை. முப்பத்தோராம் நாள் வீடு கழுவி, கிரியை செய்து, சாப்பாடு கொடுக்கிறது என்று பஸ் முழுவதற்கும் விளக்கினார். மஹ்மூத் யோசித்தான். "சாப்பாடு வைத்தார்கள். சமாதிக்குள்ளே நிறைய வைத்தார்கள்."

"வந்த ஆக்களுக்குக் குடுத்தவையோ, பிரேதத்துக்கு வைச்சவையோ?"

"அரசருக்குத்தான்."

அண்ணை எங்கள் பக்கம் திரும்பினார். "பாருங்கோ."

மஹ்மூத் அங்கே விட்டிருக்கலாம். பெடியன் ஆர்வத்தில் இன்னொன்றும் சொன்னான். மற்ற அரசர்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஓர் இளம் அரசர் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்றான்.

அண்ணை இருக்கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் எடுக்கேல்லையோ?"

"இல்லை."

"பிரேதம் எடுக்காமல் ஊரில கோயில் திறக்கிறேல்லை. இவங்கள் என்னெண்டு திறந்து வைச்சிருக்கிறாங்கள்?"

நான் எழும்பினேன். "அண்ணை, இருங்கோ. நான் மன்னார். நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள். எங்களுக்குத் துடக்கு இல்லை."

"வேதக்காரருக்குக் கிருமி இல்லையோ பிள்ளை?"

பஸ் சிரித்தது. அதிகம் சிரித்தது என் மனிசன். அவரை முழங்கையால் குத்தினேன்.

ஒழுங்கு மாறவில்லை. சமாதிக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். எல்லாருக்கும் முதல் இறங்கினார். "செத்தவீட்டுக்குப் போகாமல் விடுறதும் பிழைதானே" என்றார்.

அந்த இளம் அரசர் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். முகமும் காலும் மட்டும் வெளியே, கரிக்கட்டை மாதிரி. மற்ற ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சின்னப் பெடியன்" என்றார். "ஒருத்தரும் எடுக்கேல்லை."

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நிமிடம் பொக்கெற்றிலிருந்து லேஞ்சியை எடுத்து அந்தக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். காவலாளி கத்திக்கொண்டு ஓடி வந்தான். "தூசி தம்பி" என்று விரலைக் காட்டினார். மஹ்மூத் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கும்பிட்டான். கும்பிடுவதை அவன் அன்று காலைதான் எங்களைப் பார்த்துப் பழகியிருந்தான்.

வெளியே வந்ததும் அறிவித்தார்: "இப்ப ஆரும் ஒண்டையும் தொடாதேங்கோ. எல்லாரும் சிவப்புச் சப்பாத்து."

சாப்பாட்டுக் கடை நைல் கரையில். நைலில் எல்லாரையும் முழுகவைப்பதுதான் அவருடைய திட்டம். பையிலிருந்து ஐந்து சவுக்காரக் கட்டிகளை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார். அங்கே ஒருவன் கழுதையைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றான். மஹ்மூத் பின்னால் ஓடி, தண்ணீரில் புழு இருக்கு, நோய் வரும் என்றான். ஒரு பக்கம் துடக்கு, மறுபக்கம் டெனிஷ் சுகாதாரம். அவர் டென்மார்க்குக்கு வந்த நாற்பது வருடத்தில் அவை இரண்டும் முதல்முறை ஒன்றோடொன்று அடிபட்டதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். சவுக்காரக் கட்டிகளைத் திரும்பவும் பைக்குள் போட்டார். பிறகு மேலே ஏறி வந்தார். "உந்த ஆறே சிவப்புச் சப்பாத்துப் பக்கம்" என்றார்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் நேரே டிரைவரிடம் போனார். குளிர்ப்பெட்டியில் விற்பனைக்கு இருந்த தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றையும் வாங்கினார். பஸ்ஸின் படியில் ஒரு துவாயை விரித்தார். "கை, கால், தலையில மூண்டு துளி. பிறகு சாப்பாடு. பிறகு கோயில்."

"அண்ணை, நேரம் போகுது" என்றேன். "நான் தூண் பாக்க வந்தனான்."

"தூண் ஓடாது பிள்ளை."

இனிச் சொல்லப்போவதைத் தலைவர் கவனமாக வாசிக்க வேண்டும். அந்தப் படியில் முதல் காலை நீட்டியது யார்? நீங்கள். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையைச் சுருட்டி, "ஐஸ் தண்ணி, நல்லாக் கிடக்கண்ணை" என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர்கள். அடுத்தது என் மனிசன். "விடுமப்பா, மனுசன் சொல்லுறது குளிர்ச்சியாத்தான் கிடக்கு" என்றார். பிறகு டெனிஷ் பென்சன்காரர். நாற்பது பாகை வெயிலில் யாராவது குனிந்து காலில் குளிர்தண்ணி ஊற்றினால் டெனிஷ்காரர் விடுவார்களா? ஒரு கிழவி கழுவிவிட்டுப் பின்னால் சுற்றிப் போய் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றாள். அண்ணை கண்டுபிடித்துவிட்டார். "நீங்கள் வெள்ளைச் சப்பாத்து, போங்கோ" என்றார். டிரைவர் கழுவினான். மஹ்மூத் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலை நீட்டினான். கடைசியில் நானும் கழுவினேன், பசி. பெருவிரலையும் கழுவினேன்.

கர்னாக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் காவலாளி கதவைச் சாத்த ஆயத்தமாக நின்றான். மஹ்மூத் கெஞ்சி இருபது நிமிடம் வாங்கினான். இத்தனை வருடம் காத்திருந்த தூண்களுக்கு நடுவில் நான் ஓடினேன். நிமிர்ந்து பார்த்துக்கொண்டு ஓடியதில் ஒரு ஜெர்மன்காரரோடு மோதினேன். ஒழுங்கான படம் ஒன்றும் இல்லை. அதற்குள் காவலாளி விசில் ஊதிவிட்டான்.

வெளியே வந்தால், சவுக்காரம் அண்ணை வாசலுக்கு வெளியே ஒரு கல்லில், எங்கள் பைகளைக் காத்துக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் உள்ளுக்கு வரேல்லையோ?" என்று மனிசன் கேட்டார்.

"எனக்குத் தண்ணி மிஞ்சேல்லை தம்பி. போத்தல் எல்லாம் உங்களோட முடிஞ்சுது. இஞ்சத்தைக் குழாயைப் பாத்தன், சரிவராது." பிறகு என்னைப் பார்த்தார். "தூண் எப்பிடி பிள்ளை? பெரிசோ?"

நான் என் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நல்லா வேணும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று பக்கம் எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்தேன். இந்த மனிதருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும், இப்படியே விடக் கூடாது என்று எழுதினேன். விலக்குங்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. யாராவது அவரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். கடிதம் என்னுடையது என்று எஸ்பியர்க் வரை எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

பெப்ரவரியில் என் மனிசன் செத்துப்போனார். திடீரென்று.

புதைத்துவிட்டுக் கோல்டிங்கில் எங்கள் மாடிவீட்டுக்குத் திரும்பி வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்க் கதவடியில் சவுக்காரம் அண்ணை நின்றார். அதிகாலை ரயிலில் வந்து, எங்கள் கட்டடத்து உடுப்புக் கழுவும் அறையில் தண்ணீர் சூடாக்கி, இரண்டு வாளி நிறைய வைத்திருந்தார். தோளில் துவாய்கள். வேதக்காரருக்குத் துடக்கு இல்லை என்று நான் அன்று சொல்லவில்லை. கையை நீட்டினேன். இளஞ்சூடாக இருந்தது. ஊற்றினார், துடைத்துவிட்டார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெருவிரலைக்கூடப் பார்க்கவில்லை.

என் வீட்டு வரவேற்பறையில் இப்போது ஒரு படம் இருக்கிறது. கர்னாக் இல்லை. பஸ் படியில் மனிசன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் எறிந்து சிரிக்கிறார். குனிந்து தண்ணீர் ஊற்றுகிறவரின் மொட்டைத் தலை மட்டும் தெரியும். அந்தப் பயணத்தில் மனிசன் சிரித்த படம் அது ஒன்றுதான்.

ஆகவே தலைவர் அவர்களே, என் கடிதத்தின் பின்னால் ஒளியாதீர்கள். அதை இத்தால் திருப்பி வாங்குகிறேன். எங்கள் எல்லாருடைய காலையும் கழுவிவிட்டு, தான் கோயிலைப் பார்க்காமல் வெளியே இருந்த மனிதரை எந்தக் குற்றத்துக்காக விலக்கினீர்கள்? யார் முடிவு செய்தது? எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம், மண்டபத்து மூலையில் கூப்பிட்டுக் கதைக்கவும் வேண்டாம். இதே சஞ்சிகையில், அடுத்த இதழில், உங்கள் பெயரைப் போட்டு எல்லாருக்கும் முன்னால் பதில் எழுதுங்கள்.

கிரீஸிலும் கோயில்கள் இருக்கின்றனவாம், பெரிய தூண்களோடு. அவர் வந்தால் நானும் வருவேன். ஒரு போத்தல் தண்ணீரை ஒருவருக்கும் தெரியாமல் என் பையில் வைத்திருப்பேன். அது அவருடைய காலுக்கு.