'பயப்பட வேண்டாம்' என்று சொன்ன புது கெர்னல்

மரக்காணம்
14.6.2005

பாசமுள்ள மைத்துனர் கௌதமுக்கு, தேவநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா விஜயலட்சுமியும் நலம். பெங்களூரில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசினால் என் குரல் நடுங்குவது உன் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்பதால் இந்தக் கடிதம்.

சுனாமிக்குப் பிறகு உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் வைத்த கம்ப்யூட்டரை என்னை நம்பித்தான் ஒப்படைத்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அலையின் உயரத்தை அதில் தட்டினால், மாரியம்மாள் டீச்சரின் பதிவுசெய்த குரலில் மாடி ஒலிபெருக்கி கடல் நிலவரத்தை அறிவிக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்த நீ, "மாமா, இதை ஓட்டற லினக்ஸ் பழசு, அதோட அடித்தளமான கெர்னலைப் புதுசா போடறேன். சத்தம் போடற பகுதியையே அடியோட மாத்திட்டாங்க. ஆனா பழைய புரோகிராமுக்கு மாறினதே தெரியாது, அது வந்துபோறதுக்குன்னு பழைய வாசலையும் அப்படியே வச்சிருக்காங்க" என்றாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் கிளம்பியும் போனாய். நானும் தலையாட்டிவிட்டேன்.

நேற்றுக் காலை தட்டினேன். டீச்சர் வரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண்பிள்ளை முனகுகிற மாதிரி "க...ட...ல்..." என்று வந்தது, நடுவில் ஏதோ புரியாமல் இழுத்து, அப்புறம் "ப...ய..." என்றது, அவ்வளவுதான், உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பலகையைப் போட்டுவிட்டு மேற்கே ஓட, அவர்களில் ஒருத்தியான வசந்தா "கடலு வருது, ஓடுங்கடி!" என்று கத்திக்கொண்டே வரப்பில் வழுக்கி விழ, அறிவிப்புக்குப் பொறுப்பான நானோ செருப்புகூட இல்லாமல் ஓடி, நகர்ந்துகொண்டிருந்த திண்டிவனம் பஸ்ஸில் தொற்றி, அங்கே மலை இருக்கிறதே என்று பெருமுக்கலில் இறங்கித்தான் மூச்சு விட்டேன். உன் அக்கா வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்ததும் அங்கேதான். எழுதவே கை கூசுகிறது.

அங்கிருந்த பூத்திலிருந்துதான் உனக்குப் போன் போட்டேன்.

"கௌதம், கடல் வந்துடுச்சுப்பா!"

"யார் சொன்னாங்க மாமா?"

"நீ போட்டுட்டுப் போன கெர்னல்தான்!"

"எப்படிச் சொல்லிச்சு?"

அதே மாதிரி முனகிக் காட்டினேன். வெளியே காத்திருந்தவர் விலகிப் போய்விட்டார்.

"மாமா, அது 'கடல் அமைதி, பயப்பட வேண்டாம்'னு சொல்லியிருக்கு. மெதுவா சொல்லியிருக்கு."

அந்த 'வேண்டாம்' வந்து சேர்வதற்குள் உப்பளத்தில் ஆளே இல்லை, தம்பி.

பழைய கெர்னல் எந்தச் சத்தத்தையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுமாம், புரோகிராம் எழுதியவர் அதற்குத் தகுந்தபடி பாதி வேகம் கேட்டு வைத்தாராம், புதுசு கேட்டதை ஒழுங்காகக் கொடுத்ததால் வந்த வினையாம். "புதுசு, பழசோட தப்பையும் சேர்த்துச் செய்யணும் மாமா. இந்த ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு வரி சேர்த்தா சரியாயிடும்" என்றாய். பழசு இன்னும் என்னென்ன தப்பு செய்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததோ! இன்று கீபோர்டுப் பக்கம் விரலே போகவில்லை. அந்த ஒரு வரியும் வேண்டாம். உடனே வந்து பழைய கெர்னலையே போட்டுவிட்டுப் போ.

நீண்ட ஆயுளும், கடலிலிருந்து தள்ளி ஒரு நல்ல வரனும் உனக்கு அமைய வாழ்த்தும்,
தேவநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வசந்தா நொண்டிக்கொண்டே வந்தாள். திட்டப்போகிறாள் என்று மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன். "அண்ணே, அன்னிக்கு நெசமாவே கடலு வந்தப்ப வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னோம். எங்க சின்னப்பாப்பா அலையோட போயிட்டா. நேத்து ஒருத்தரும் நிக்கல. அந்தக் குரலை மாத்திடாதீங்க, ஆபத்துக்குன்னு தனியா வச்சிடுங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. புதுசே இருக்கட்டும். தினசரி அறிவிப்புக்கு உன் ஒரு வரியைச் சேர். முனகலுக்குத் தனியாக ஒரு பட்டன் வை. அதை என்னிடம் கொடுக்காதே, வசந்தாவிடம் கொடு. நேற்று மற்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியாக ஓடியவள் அவள்தானாம்.